ஈராசிரியர் பள்ளியின் 160 நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தின் எதிர்காலம் என்று பேச்செடுத்தால் இப்போதெல்லாம் தொடுதிரை, கைக்கணினி, செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேச்சு ஓடுகிறது. தங்கள் நாளிதழின் கட்டுரைப் பக்கமும் இதற்கு விலக்கு இல்லை. அந்தப் பேச்சில் வராத ஒரு பள்ளியைப் பற்றியது இந்தக் கடிதம். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், முப்பது நாற்பது பிள்ளைகள். கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் பார்க்கக்கூடிய பள்ளி. சட்டப்படி இதில் குறையும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அந்த நிலைக்கு அது சொல்லவில்லை.

ஆனால் பாடநூல், பாடவேளை, தேர்வு எல்லாமே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதாக நினைத்துத்தான் தயாராகின்றன. இந்த முரண் எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் கற்பிக்கச் சொல்கிறது. ஒரு நாளுக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஓர் ஆசிரியர் 1, 2, 3 வகுப்புகளையும் இன்னொருவர் 4, 5 வகுப்புகளையும் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆசிரியரின் 240 நிமிடத்தை மூன்றாகப் பிரித்தால் வகுப்புக்கு 80. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். பாடத்துக்கு 16 நிமிடம்தான் ஆசிரியரின் குரல் அதற்குக் கிடைக்கும். மீதி 160 நிமிடம்? "பார்த்து எழுது", "சத்தம் போடாதே", "வாய்ப்பாட்டைச் சொல்லு". நடைமுறையில் பள்ளி நேரம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பங்கு மாறாது: ஆசிரியரோடு ஒரு பங்கு, ஆசிரியர் இல்லாமல் இரண்டு பங்கு.

எந்தக் கல்விச் சீர்திருத்தம் வந்தாலும் அந்த 160 நிமிடத்துக்கு அது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே என் வாதம். முன்சுவரில் மாட்டும் திரை கரும்பலகையின் இடத்தைப் பிடிக்கிறது. ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை எல்லாருக்கும் காட்டுகிறது. முதல் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரே பக்கம் யாருக்கு?

நாம் "மரபான முறை" என்று சலித்துக்கொள்ளும் இந்த வயதுவாரி வகுப்பு நம் ஊரில் அவ்வளவு பழையதும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் ஒரே வாத்தியாரிடம் பல நிலைப் பிள்ளைகள் படித்தார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் பரப்பினார். இதைச் சொல்வது திண்ணைப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்க அல்ல. அங்கே பிரம்பு இருந்தது, பொருள் புரியாத மனப்பாடம் இருந்தது, பல சாதிப் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடமே இல்லை. பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்துவது ஒரு தனித் தொழில்நுட்பம், அது நமக்குப் புதியதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்தத் தொழில்நுட்பத்தை நம் காலத்துக்கு ஏற்றபடி அமைத்தது ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி என்ற பள்ளி. சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அவர்கள் பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஓர் ஏணிபோல் அடுக்கினார்கள். அதைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்பு 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. கற்றல் ஏணி சுவரில் தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அந்தச் சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் முழுக்க உதவுவார், சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்குச் சக மாணவர், சிலவற்றைத் தானே செய்ய வேண்டும். ஆசிரியரும் பாயில் உட்காருவார். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் செய்த வேலை.

இதன் பெரிய பலன் விடுப்பு எடுக்கும் பிள்ளைக்குத்தான். பொங்கல் கழிந்து செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளை ஜூனில்தான் திரும்புகிறது. பாடநூல் முறையில் மூன்றாம் பருவம் முழுவதும் போய்விடும். திரும்பும்போது வகுப்பும் மாறியிருக்கும். ஏணி முறையில் அது விட்ட படியில் ஏறலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருந்துவிட்டு ஏன் கைவிட்டோம்?

கருத்து தோற்றது என்று சிலர் சொல்கிறார்கள். தோற்றது பராமரிப்பு. ஏணியில் ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் வந்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே தேங்கும், அல்லது தாண்டிவிடும். தாண்டியது எங்கும் பதிவாகாது. அட்டைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பொருளாக யாரும் நினைக்கவில்லை, ஒருமுறை கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தார்கள். அடுத்து, பாடநூல் மாறிக்கொண்டே இருந்தது. 2010-இல் முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சமச்சீர்க் கல்வி என்ற பொதுப் பாடத்திட்டம், 2012-13-இல் முப்பருவ முறை, 2018-19 முதல் மறுபடியும் புதிய நூல்கள். புத்தகம் மாறும் ஒவ்வொரு முறையும் அட்டைக்கும் புத்தகத்துக்கும் இருந்த ஒட்டு விட்டுப்போகும். பருவம் முடிந்தால் எல்லாரும் ஒரே தேர்வு எழுத வேண்டும் என்ற விதியும் அவரவர் வேகத்தில் ஏறும் ஏணியும் ஒன்றாக இருக்க முடியாது. ஆசிரியர்கள் தேர்வைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் பக்கம் இன்னொரு பிரச்சினை: பிள்ளையின் பையில் எழுதிய நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. "பள்ளிக்கூடத்தில் விளையாட்டுத்தான் நடக்கிறது" என்று சொல்லிப் பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

கொரோனா அடைப்புக்குப் பின் 2022-23-இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டம் அதே பாதையில் ஓரளவு திரும்பியிருக்கிறது. கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு. முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் போனது. நிலைவாரி என்பது சரியான முடிவு. ஆனால் பயிற்சி நூல் மட்டும் 160 நிமிடத்தை நிரப்பாது. சுறுசுறுப்பான பிள்ளை அன்றைய பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். மெதுவான பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நூலைப் பார்த்து எழுதிவிடும். இரண்டு நூலும் திருத்தும்போது ஒரே மாதிரிதான் இருக்கும்.

சரி, 160 நிமிடத்தை எப்படி நிரப்புவது? முதலில் 40 நிமிடப் பாடவேளையை விட வேண்டும். காலையில் 90 நிமிடம் தமிழ், இடைவேளைக்குப் பின் 90 நிமிடம் கணக்கு, ஆங்கிலமும் மற்றப் பாடங்களும் மதியம். 90 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் எல்லாரும் சேர்ந்து: ஆசிரியர் ஒரு கதையை உரக்க வாசிப்பார், அல்லது பாட்டு. பிறகு 25 நிமிடமாக மூன்று சுற்று, கடைசி 5 நிமிடம் அட்டைகளை அடுக்க. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுற்று ஆசிரியரோடு, ஒரு சுற்று இருவர் இருவராக, ஒரு சுற்று தனியாக. வரிசை முக்கியம். முதல் சுற்றில் ஆசிரியர் அரும்பு நிலைப் பிள்ளைகளிடம் உட்கார வேண்டும். ஏனென்றால் அவர்களால் சொல்லித்தராமல் எதையும் தொடங்க முடியாது. அப்போது மொட்டு இருவராக வாசிக்கும், மலர் தனியாக எழுதும். இரண்டாம் சுற்றில் ஆசிரியர் மொட்டுக்கு வருவார். அரும்பு சற்றுமுன் கற்றதை இருவராகப் பழகும், மலர் இருவராகக் கேள்வி கேட்டு விடை சொல்லும். மூன்றாம் சுற்றில் ஆசிரியர் மலரிடம், மற்ற இரண்டும் தனியாக. இப்படிச் செய்தால் நேரடியாகச் சொல்லித்தரும் நேரம் பழைய கணக்கில் வந்த 16 நிமிடத்திலிருந்து 25-க்கு ஏறுகிறது. அதைவிடப் பெரிது, மீதி 50 நிமிடத்துக்கும் பிள்ளைக்கு வேலை இருக்கிறது.

இது சொதப்பும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். தனியாகச் செய்யும் வேலை 25 நிமிடத்துக்கு வராமல் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சத்தம் எழும், ஆசிரியர் தன் குழுவை விட்டு எழுந்து போவார், அதோடு அன்றைய சுற்று போச்சு. அதற்குத்தான் "முடித்தவர் தட்டு" என்று தனியாக ஒன்று வேண்டும்: சிறு கதை அட்டை, புதிர்க்கணக்கு, படம் பார்த்து மூன்று வரி. அடுத்தது, வேலையின் வகையை நாளுக்கு நாள் மாற்றுவது. புதுவிதமான செயல்பாடு என்றால் அதை விளக்கவே எட்டு நிமிடம் ஆகும். ஆண்டு முழுதும் ஐந்தாறு வகைதான் இருக்க வேண்டும்: சேர்த்து அடுக்கு, விடுபட்டதை நிரப்பு, வாசித்துப் படம் வரை, கேள்விக்கு ஒரு வரி எழுது, சொல் சங்கிலி, கணக்கு ஜோடி. ஜூன், ஜூலையில் இந்த வகைகளைப் பழக்கிவிட்டால் பிறகு உள்ளடக்கம் மட்டும் மாறும், "என்ன டீச்சர் செய்யணும்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, எழுத்தே தெரியாத இரண்டு பேரை ஜோடி சேர்த்தால் ஒருவர் தப்பை இன்னொருவர் மனப்பாடம் செய்வார். அரும்பு நிலை அட்டைகளின் பின்பக்கத்தில் படமோ விடையோ இருக்க வேண்டும், திருப்பிப் பார்த்துத் தானே சரிபார்த்துக்கொள்ளட்டும். நான்காவது, நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளையை நிரந்தர "குட்டி டீச்சர்" ஆக்குவது. இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. வாரத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் ஒரு பிள்ளைக்கு இந்த வேலை தரக் கூடாது. அது படிக்க வந்த பிள்ளை.

ஆசிரியரோடு இருக்கும் 25 நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும்? அ, ஆ என்று தொடங்கி 247-ஐயும் வரிசையாக ஒப்பிப்பது அரும்பு நிலையில் வாசிப்பைத் தராது. ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கினால் அதே வாரத்தில் படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடலாம். புள்ளி வைத்த மெய்யின் வேலையும் அங்கேயே புரியும். பிள்ளைகள் தட்டுத்தடுமாறுவது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது, சில குறிப்பிட்ட இடங்களில்தான். கெ, கே இரண்டுக்கும் கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும். கௌ என்றால் பின்னால் நிற்பது "ள" போலவே இருக்கிறது. இவற்றை ஒரே நாளில் சொல்லித்தந்தால் குழப்பம் நிரந்தரமாகிவிடும். கெ, கே நன்றாகப் பிடிபட்டு இரண்டு வாரம் கழித்துக் கொ, கோ. கௌ கடைசியில் வந்தால் போதும், அதை வைத்து எழுதும் சொற்கள் எத்தனை?

கணக்கிலும் அப்படித்தான். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்று சொல்லித் திருத்திப் பயனில்லை. அது நூறையும் ஐந்தையும் கேட்டபடியே எழுதுகிறது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டு, பத்துக் கட்டு சேர்ந்த ஒரு பெரிய கட்டு, உதிரிக் குச்சி ஐந்து. நடுவில் பத்தின் இடம் காலியாக இருப்பதைக் கையால் தொட்ட பிறகுதான் சுழியம் அங்கே வரும். 42-இல் 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளை, ஒன்றின் இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. "கடன் வாங்கு" என்ற விதியை முதலில் சொல்லிவிட்டதன் விளைவு இது. ஒரு பத்துக் கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்க்கவிட்டால் விதியே தேவைப்படாது. தொண்ணூறுக்கும் நூறுக்கும், தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் காதில் வரும் குழப்பத்துக்குத் தனி அட்டையே போடலாம்.

அட்டையைப் பற்றியும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டம் செத்தது அங்கேதான். ஏ4 தாளில் பாதி அளவு போதும், அதைவிடப் பெரிது தட்டில் மடங்கும். 300 ஜி.எஸ்.எம். அட்டை, அதன்மேல் 125 மைக்ரான் லேமினேஷன். அட்டையின் விளிம்பை ஒட்டி லேமினேஷனை வெட்டினால் மழைக்காலத்தில் ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும், மூலைகளை வளைவாக. எண்ணை முன்னும் பின்னும் அச்சிட வேண்டும். பிள்ளைகள் அதிக நேரம் நிற்கும் படிகளுக்கு மூன்று பிரதி, மற்றவற்றுக்கு இரண்டு. எழுதும் பயிற்சி அட்டைமேல் வேண்டாம், பலகையில் எழுதட்டும். ஒவ்வொரு தட்டின் உள்பக்கமும் அதில் எத்தனை அட்டை என்ற பட்டியல் ஒட்டியிருந்தால், வெள்ளிக்கிழமை கடைசி 10 நிமிடத்தில் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். தொலைந்த எண்ணைத் தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதி வட்டார வள மையத்துக்கு அனுப்ப, அங்கே பூட்டிவைத்த மூலப் பிரதியிலிருந்து ஒரு வாரத்துக்குள் நகல் வர வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல் எவ்வளவு அழகான அட்டை அச்சடித்தாலும் இரண்டாம் ஆண்டில் ஏணி ஓட்டையாகிவிடும். பள்ளி மானியத்தில் அட்டை புதுப்பிப்புக்கு என்று தனித் தலைப்பு ஒன்று இருந்தால் இது நடக்கும். பொதுச் செலவோடு கலந்துவிட்டால் சுண்ணாம்பு அடிப்பதிலேயே பணம் போய்விடும்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். கைப்பேசிச் செயலியில் பிள்ளையை ஒவ்வொருவராக உட்காரவைத்து மதிப்பிடச் சொல்கிறார்கள். 30 பிள்ளை, மூன்று பாடம், பாடத்துக்கு ஐந்தே நிமிடம் என்று வைத்தாலும் 450 நிமிடம். நாளுக்கு 240 நிமிடம் என்ற கணக்கில் ஏறக்குறைய இரண்டு நாள் ஆசிரியர் கையில் கைப்பேசிதான், பிள்ளைகளுக்கு முழு நாளும் அந்த 160 நிமிடம்தான். இணையம் சுற்றிக்கொண்டே நின்றால் இன்னும் மோசம். வாசிப்பை மதிப்பிட மூன்று நிமிடம் போதும். ஒரே அட்டையில் பத்து எழுத்து, பத்துச் சொல், இரண்டு வாக்கியம், ஒரு சிறு பத்தி. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடலாம். விடையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதினால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றியமைக்க அது போதும். இதை ஆசிரியரோடு இருக்கும் சுற்றிலேயே நாளுக்கு இரண்டு பிள்ளை என்று முடித்துவிடலாம், வகுப்பு நிற்காது. மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் வேண்டுமானால் வெளியாள் ஒருவர் வந்து ஐந்து பிள்ளைகளை மறுபடி வாசிக்கவிட்டுப் பார்க்கட்டும். அந்த எண்ணை வைத்து ஒன்றியங்களை வரிசைப்படுத்தத் தொடங்கினால் மறு ஆண்டே எண் உயரும். பிள்ளை அதே படியில் நிற்கும்.

ஐந்திலும் எட்டிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தலாமா என்ற விவாதம் 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் விதியை மாற்றியதிலிருந்து சூடாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி நிறுத்துவதில்லை என்பதே என் கருத்திலும் சரி. ஆனால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியாத பிள்ளையை ஐந்தில் நிறுத்தினால் ஐந்தாம் வகுப்புப் பாடம்தான் மறுபடி கிடைக்கும். ஆறுக்கு அனுப்பினால் ஆறாம் வகுப்புப் பாடம். அதற்கு வேண்டியது இரண்டாம் வகுப்பின் 25 நிமிடம், அது இரண்டு இடத்திலும் இல்லை. 2025-26-இல் ஆறு முதல் ஒன்பது வரை, பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் தொடங்கிய "திறன்" திட்டம் இந்த ஓட்டையை அடைக்கத்தான் என்றாலும், கீழே ஏணியைப் பழுதுபார்க்காமல் மேலே அடைத்துக்கொண்டிருப்பது செலவு அதிகமான வழி.

நிலைவாரிக் குழுவில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. பத்து வயதுப் பையன் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காரும்போது கூனிப்போகிறான். அரும்பு என்ற பெயரே பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. நிலையின் பெயரை ஆசிரியரின் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு குழுக்களை வேம்பு, புங்கை, பனை என்று அழைக்கலாம். தமிழிலும் கணக்கிலும் குழு வேறாக இருக்க வேண்டும், இருப்பிடமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பிள்ளைக்கு எழுத்து எளிதாகவும் செய்தி வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கும் பனுவல் வேண்டும்: பேருந்து நேரப் பலகை, மளிகைக் கடைச் சீட்டு, கிரிக்கெட் ஸ்கோர். "அணில் மரம் ஏறியது" என்பதை அவனிடம் நீட்டினால் கிழித்துப்போடத் தோன்றுவது இயல்பு. செயற்கை நுண்ணறிவுக்கு இந்தப் பள்ளியில் உடனடி வேலை இருப்பது இங்கேதான். குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் வைத்து, குறிப்பிட்ட வயதுக்கு ஏற்ற குட்டிப் பனுவல்களை ஆசிரியர் வாரம் இருபது தயாரித்துக்கொள்ளலாம். ஒருமுறை வாசித்துத் திருத்தாமல் அச்செடுக்கக் கூடாது. ஒற்றுப்பிழை ஒருபுறம், எந்தப் பிள்ளையும் பேசாத சொற்கள் மறுபுறம்.

திரை இருக்கும் பள்ளிகள் அதை அந்த முதல் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். பாடநூலின் கியூஆர் காணொலிகளை முதல் நாள் மாலையே இறக்கி நினைவட்டையில் வைத்திருந்தால் காலையில் இணையத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்கு மேல் திரை ஓடினால், ஆசிரியர் ஓய்வெடுக்கிறார் அல்லது ஏதோ பதிவேற்றுகிறார் என்று பொருள்.

இன்னொரு நாளையும் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்: ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய், ஐந்து வகுப்புக்கும் ஒருவரே நிற்கும் நாள். இது விதிவிலக்கு அல்ல, மாதத்தில் சில நாள் நிச்சயம். அந்த நாளுக்கென்று ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு மணி நேரத் தனிவேலை அடங்கிய ஓர் உறை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், பயன்படுத்திய மறுநாள் நிரப்பிவைக்க வேண்டும். பயிற்சிகளையும் கொஞ்சம் குறைத்தால் நல்லது. மாநிலத்தில் கேட்டவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் கேட்டவர் ஒன்றியத்துக்கும் சொல்லி, கடைசியில் வகுப்பறைக்கு வருவது ஸ்லைடு மட்டும். ஒரு காலை முழுதும் இன்னொரு பள்ளியின் மூன்று சுற்றை உட்கார்ந்து பார்த்தால் அதில் கிடைப்பது இதைவிட அதிகம்.

பெற்றோருக்கு நோட்டு வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம், அதில் தவறில்லை. வாரம் ஒரு பக்கம், பிள்ளை தானே எழுதியது, தேதியோடு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டட விரிசலோடு இன்னொன்றும் நடக்கட்டும்: பத்துப் பிள்ளைகள் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை உரக்க வாசிக்கட்டும்.

வரும் ஜூனில் இது நடக்க வேண்டுமானால் பிப்ரவரிக்குள் அட்டைகளின் மூலப் பிரதி முடிவாக வேண்டும், மார்ச்சில் அச்சு, ஏப்ரல் கடைசிக்குள் பள்ளிக்கு. இப்போது தரும் 40 நிமிடக் கால அட்டவணையை மாற்றிக்கொள்ள ஈராசிரியர் பள்ளிகளுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பார்வைக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் "இது எத்தனையாவது பாடவேளை?" என்று கேட்டால் தலைமையாசிரியர் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். இந்தத் தாளுக்குப் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்,
விழுப்புரம் மாவட்டம்.